தாளில் இருந்த இன்னொரு நிறம்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் நூல் மூட்டைகளின் மேல் போட்ட அடையாளங்கள்தான். பேனா பிடித்தால் என் விரல் வளையாது. கோடு போட்ட நோட்டில்கூட என் வரி மேலே ஏறிப் பிறகு கீழே இறங்கும். எந்த ரகரம் எங்கே வரும் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. எட்டாவது படிக்கும் என் மகள் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்து சாமி, நடந்ததைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு அந்தக் குப்பியிலிருந்துதான் தொடங்கத் தெரிகிறது. மாத்திரை அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் பாதி அளவு வெள்ளைத் தூள். எழுபத்தைந்தாம் வருடம், ஆவணி மாதமாக இருக்கும், டீச்சர் அதை என் சாயப்பட்டறைக்கு எடுத்துவந்து காட்டினார். சுண்ணாம்பா, முகப்பவுடரா என்று யோசித்தேன். டீச்சர் மூடியைத் திறந்து, ஒரு விரலால் தொட்டு, கையிலிருந்த வெள்ளைத் தாளில் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதே விரலை, வருடக்கணக்காகச் சாயம் ஊறிக் கறுத்துப்போன என் தொட்டியின் விளிம்பில் தடவினார். அந்த இடம் பச்சையாக மின்னியது. இலைப் பச்சை இல்லை, பொன்வண்டின் முதுகில் இருக்குமே அந்தப் பச்சை. நான் தலையை அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், பச்சை போய்விட்டது. வெறும் கறுப்பு விளிம்பு. இந்தப் பக்கம் சாய்த்தேன், வந்துவிட்டது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க தலையை ஆட்டறதைப் பாத்தா கோயில் மாடு மாதிரி இருக்குது தம்பி” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தொட்டிக்குள் குனிந்துகொண்டேன்.

நான் குமாரபாளையத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஆற்றுக்குப் போகும் சந்தில் மூன்று தொட்டி வைத்திருந்தேன். இடம் முதலாளியுடையது, வேலையும் அவர் கொடுப்பது. முதலாளி கைத்தறிச் சேலை நெய்ய விடுகிறவர். அவரிடமிருந்து நூல் எனக்கு வரும். நான் சாயம் போட்டு, ஆற்றில் அலசி, காயவைத்துக் கொடுப்பேன். அது பாவாகவும் ஊடையாகவும் தறிக்காரர்கள் வீட்டுக்குப் போகும். நெடுக்காக ஓடும் நூல் பாவு, குறுக்காக ஓடும் நூல் ஊடை. இது இரண்டும் தெரிந்தால் போதும், நான் சொல்ல வந்தது புரிந்துவிடும்.

டீச்சருக்குச் சொந்த ஊர் சேலம். கிறிஸ்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக ஓவிய ஆசிரியராக இருந்து, அந்த வேலை போன பிறகு முதலாளிக்குச் சேலை டிசைன் வரைய வந்தார். டீச்சர் என்ற பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் சங்ககிரி வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் கறுப்புக் குடை, தோளில் அட்டை வைத்துத் தைத்த ஒரு பெரிய பை. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்று கணக்காகப் புள்ளி வைத்து வரைவார். அதோடு, சேலை நெய்து வந்தால் எப்படி இருக்கும் என்பதைத் தனித்தாளில் வண்ணத்தில் எழுதிக் கொடுப்பார். வெளியூர் வியாபாரிகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சரக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அப்போது டிசைன் வரைகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண் வந்து வரைவதை முதலாளியின் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. கல்யாணமாகவில்லை, முப்பத்தைந்து முப்பத்தாறு வயது, வீட்டில் நடக்க முடியாத அம்மா, இவர் ஒருவர் கைதான் அடுப்பை எரியவைத்தது. இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. ஊர் பேசியது.

பெண்களிடம் பேச எனக்கு வராது. ஆண்களிடமும் அப்படித்தான் என்றாலும், பெண்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் சம்சாரம் இன்றைக்கும் சொல்வாள், “என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பனோட செருப்பைத்தான் பாத்துட்டுப் போனீங்க, அதுக்குத்தான் தாலி கட்டியிருக்கோணும்” என்று. டீச்சர் என் பட்டறைக்கு வருவது நூலின் நிறம் பார்க்க. ஈரத்தில் எப்படி, காய்ந்தபின் எப்படி, வெயிலில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் தொட்டியைப் பார்த்தபடி பதில் சொல்வேன். அவருக்கு அது பழகிவிட்டது. எங்கள் பச்சைச் சாயம் ஒன்று தொட்டிக்குள் இருக்கும்போது நீலமாகத் தெரியும். நூலை வெளியே எடுத்துக் காற்றில் உதறினால்தான் பச்சையாகும். அதை முதல்முறை பார்த்த அன்று சிறுபிள்ளை போலக் கைதட்டினார். நிறம் என்பது அவருக்கு இருக்கிற ஒன்றாக இல்லை, நடக்கிற ஒன்றாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருடம் முதலாளிக்கு இரட்டைக் கலர் சேலை மேல் ஆசை வந்தது. பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் கொடுத்தால், துணி அசையும்போது ஒன்று மாறி ஒன்று தெரியும். தறியில் இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் தாளில் காட்ட முடியாது. அரக்குச் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேறுதான் வரும். பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டால் பாய் போல இருக்கிறது என்று வியாபாரி சிரிப்பான். டீச்சர் அதற்காக ஆறு மாதம் அலைந்தார். முதலில் காக்காப்பொன்னில் தொடங்கினார். சங்ககிரிப் பக்கத்துக் கரடுகளில், உழுத மண்ணில், ஏடு ஏடாக மின்னிக்கொண்டு கிடக்குமே, அது. பஸ்ஸை விட்டு இறங்கி, மடி நிறையப் பொறுக்கி வந்து, கல்லுப்புப் போட்டு அம்மியில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மேலே மிதக்கும் மெல்லியதை மட்டும் வடித்தெடுத்தார். வேலம்பிசின் தண்ணீரில் குழைத்துத் தாளில் போட்டுப் பார்த்தார். மின்னியது. ஆனால் திருவிழாக் கடை வளையல் மாதிரி அங்கங்கே சீனி தூவியதுபோல மின்னியதே தவிர, துணியின் பளபளப்பு வரவில்லை. அதன் பிறகுதான் பம்பாயில் பித்தான் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி அந்தக் குப்பியை அனுப்பினார். முத்துப் பித்தானுக்குப் பூசுகிற தூளாம்.

தூள் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதன் குணத்தைக் கற்றுக்கொள்ளவே அவருக்கு ஒரு மாதமானது. வெள்ளைத் தாளில் அது ஊமை. அடியில் இருட்டான நிறம் வேண்டும். அந்த அடி நிறம் சுக்காகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலங்கிவிடும். பிசின் கூடினால் வெடிக்கும், குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வெடிக்காமலிருக்கத் துளி தேன் சேர்ப்பார். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவை தொடும்போதும் கலக்கிவிட வேண்டும். தூரிகையை ஒரே பக்கமாக ஒரே தடவைதான் இழுக்க வேண்டும். இரண்டாவது தடவை இழுத்தால் அடி நிறம் எழுந்து வந்து எல்லாம் சாம்பலாகிவிடும். இவ்வளவையும் என் தொட்டிக் கரையில் நின்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே. நான் கேட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. நான் போடும் சாயம் நூலுக்குள் இறங்கிவிடும்; யார் எங்கே நின்று பார்த்தாலும் அதே நிறம்தான். அவருடைய வண்ணம் மேலேயே உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். ஜன்னல் வெளிச்சம் தாளில் பட்டு நம்மை நோக்கி வந்தால் பச்சை. வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் அடியிலிருக்கும் அரக்கு.

புரட்டாசி நடுவில் ஒரு வியாழக்கிழமை, வழக்கமில்லாத நாளில், பொழுது சாயும் நேரத்துக்கு டீச்சர் பட்டறைக்கு வந்தார். தாள் பைக்குள் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் வெளியே எடுக்கவில்லை. மறுநாள் காலை வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள், முதலாளி வீட்டுக் கூடத்தில் தாளை விரித்துப் பேசுவார்கள், சாயத்துக்கு என்னையும் கூப்பிடுவார்கள். அந்தக் கூடத்தில் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை. வரைந்தவரே ஆனாலும் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

“தம்பி, நான் அங்க இருக்கமாட்டேன். அதான் உங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன். சேலை ஒடம்புக்கு ரெண்டு கலர். அடியில ஒண்ணு, மேல ஒண்ணு. பாவுக்கு அடிக்கலர், ஊடைக்கு மேக்கலர். நின்ன எடத்துல நின்னு பாத்தீங்கன்னா ஒண்ணுதான் தெரியும். கையில எடுத்துச் சாய்ச்சுப் பாருங்க.”

நான் முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தேன். “சரிங்க டீச்சர்” என்றேன்.

“தலை ஆடுது. காது கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க.”

“அவுங்களுக்கும் நீங்கதான் எடுத்துச் சொல்லணும். முதலாளி கையில வெச்சுப் பாத்துட்டாரு, அவருக்குத் தெரியும். சாயம் போடறவருக்குத் தெரியாமப் போயிடக் கூடாது.” குடையை விரித்துக்கொண்டு, தாளை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இது நடந்தது. ஒரு சொல் கூடக் குறைவில்லாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் முதலாளி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிறத்தைப் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். சேலத்துக்காரன் அரக்கு என்பதை ஈரோட்டுக்காரன் மெரூன் என்பான், மதுரைக்காரன் வேறொன்று சொல்வான். ஒரு தடவை இதனால் தகராறாகி, அதிலிருந்து பெயரே கூடாது, தாளில் விரலை வைத்து “இது” என்று காட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார். ஏமாற்றம் வரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது பாய் விரித்து வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தும்பைப்பூ மாதிரி வேட்டி. முதலாளி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தாள் நடுவில் விரிந்திருந்தது. காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் தராசுக் கல் வைத்திருந்தார்கள். நான் எதிரே, உள்வாசல் படியில் நின்றேன். வேலையிலிருந்து அப்படியே வந்ததால் என் காலிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து பார்த்தபோது சேலையின் உடம்பு முழுவதும் பச்சை. அவ்வளவு அழகான பச்சையை நான் தாளில் பார்த்ததில்லை. கரை அரக்கு. முதலாளி விரலை நடுவில் வைத்தார். “ஒடம்பு பூரா இதுதானப்பா. பாத்துக்கிட்டயா?”

“பாவுக்குங்களா, ஊடைக்குங்களா?” என்று கேட்டேன். அது மட்டும் கேட்க வாய் வந்தது.

“ரெண்டுக்கும் இதுல இருக்கறதுதான். அப்படியே வரோணும்.”

அந்த நேரத்தில் டீச்சர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. மறந்துவிட்டேன் என்று பிறகு நான் சொன்னதுதான் பொய். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான் அந்தப் பாயில் கால் வைக்க வேண்டும், இரண்டு வேட்டிகளுக்கு நடுவே குனிய வேண்டும், தராசுக் கல்லை எடுக்க வேண்டும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என் காலைப் பார்த்தேன். ஒரு வியாபாரி “என்னங்க, உங்க சாயக்காரரு காவேரியையே கூட்டிட்டு வந்துட்டாரு போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு என்னால் அசைய முடியவில்லை. இவர்கள் போன பிறகு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் போகும்போது தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டறைக்குத் திரும்பும் வழியில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் இரண்டு கலர் என்றார், சரிதானே, உடம்பு பச்சை, கரை அரக்கு, இரண்டு ஆகிவிட்டது.

வழக்கமாக ஒரு சின்னச் சிட்டம் நூலுக்குச் சாயம் போட்டுக் காயவைத்து முதலாளியிடம் காட்டுவேன். அவர் தலையசைத்த பிறகுதான் மொத்தத்தையும் தொட்டியில் இறக்குவேன். அந்த முறை அடைமழை. தீபாவளிக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாளுக்கு இரண்டு தடவை ஆள் வந்து நின்றான். மாதிரி காட்டாமலேயே பாவையும் ஊடையையும் பச்சையில் இறக்கிவிட்டேன். அவ்வளவு மழையிலும் நிறம் நன்றாகப் பிடித்தது என்று சந்தோஷமும் பட்டேன்.

பத்து நாளில் முதல் சேலை தறியிலிருந்து இறங்கியது. தறிக்காரர் அதை முதலாளியிடம் கொண்டு போனார். அடுத்த நாழிகையில் முதலாளி சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். “இதென்னப்பா, வாழையெலையா? இதைக் கட்டிக்கிறதா, இதுல சோறு திங்கறதா?” என்று உதறினார். மடிப்பில் ஒன்றும் மாறவில்லை. எங்கே திருப்பினாலும் பச்சை. அதற்குள் எல்லாத் தறியிலும் பாவு ஏறிவிட்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தபோது முதலாளி எங்கள் இருவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். முதன்முதலாக டீச்சர் அந்தக் கூடத்துக்குள் வந்தது அன்றுதான். உட்காரச் சொல்லவில்லை. முதலாளி அந்தத் தாளை வியாபாரியிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்தார். டீச்சர் அதைக் கையில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். பச்சை, அரக்கு, பச்சை. அப்போதுதான் நான் முதல் தடவையாகச் சேலையின் உடம்பில் அரக்கைப் பார்த்தேன்.

“இப்பத் தெரியுது. பாயில வெச்சா ஒருத்தனுக்கு ஒண்ணு, இன்னொருத்தனுக்கு இன்னொண்ணு” என்றார் முதலாளி. “மினுக்கறதையெல்லாம் பூசிக் கொண்டாந்தா வேலை செய்யறவன் எதைப் பாத்துச் செய்வான், சொல்லம்மிணி?”

“அது தெரிஞ்சுதானுங்க மொத நாளே சாயத் தம்பிகிட்ட வந்து சொன்னேன். ரெண்டு கலர், கையில எடுத்துச் சாய்ச்சுப் பாருங்கன்னு.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, சொன்னாங்களா?”

அந்தச் சமயத்தில் என் மனதில் ஓடியது என்ன என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்க்கிறேன். என் சம்சாரம் ஏழு மாதம். பட்டறை இருப்பது அவர் இடத்தில். தொட்டியை எடு என்றால் நான் எங்கே போவேன். இவையெல்லாம் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அந்தப் பார்வை நின்றால் போதும் என்றிருந்தது. எந்தப் பதில் சொன்னால் சீக்கிரம் நிற்குமோ அதைச் சொன்னேன்.

“அப்படி எதும் சொன்ன ஞாபகம் இல்லீங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குத் தலையை நிமிர்த்தும் தைரியம் இல்லை. ஆனாலும் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஏதாவது கத்துவார், மாதாமேல் சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தாளை மெதுவாகச் சுருட்டி மேசைமேல் வைத்தார். “இந்தப் பூச்சு வேலையெல்லாம் நமக்கு ஆகாதம்மிணி, நீங்க இனி வர வேண்டாம்” என்று முதலாளி சொன்னபோது, “சரிங்க” என்றார். வாசலில் குடையை எடுத்துக்கொண்டார். மழை இல்லாதபோதும் அதை விரித்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

ஊருக்குள் கதை வேகமாகப் பரவியது. மினுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். தன் தப்பைச் சாயக்காரன் தலையில் கட்டப் பார்த்தாளாம் என்றார்கள். அவர் வேலை கேட்டுப் போன மற்ற இரண்டு இடங்களிலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மாதம் கழித்து அந்தப் பஸ்ஸில் அவர் வருவது நின்றுபோனது. பட்டறையில் எனக்கு உதவியாக இருந்தவர்கள் “நல்லவேளை, தப்பிச்சீங்கண்ணா” என்றார்கள். நான் நூலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிவிட்டேன்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது பிறகு நடந்ததுதான். வேறு வழியில்லாமல் அந்தப் பச்சைச் சேலைகளை அப்படியே விற்பனைக்கு அனுப்பினார்கள். தீபாவளிக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அதே பச்சை வேண்டும் என்று பொங்கலுக்குக் கேட்டார்கள், அதற்கடுத்த வருடமும் கேட்டார்கள். முதலாளி என் தோளைத் தட்டினார். நாலாவது தொட்டி கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். வெளியாட்கள் வந்தால் “அந்தப் பச்சை இவரு கைப் பச்சைங்க” என்று என்னைக் காட்டுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் தொட்டிக்குள் குனிந்துகொள்வேன். என் மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் நான் அந்தப் பச்சையைத் தொட்டியில் கரைத்தேன். நூலை உதறும்போது நீலம் பச்சையாக மாறும். அதைப் பார்த்துக் கைதட்டியவரை நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் சாயப் பொருள் வாங்கச் சேலத்துக்குப் போனபோது, கடைக்காரரிடம் எப்படியோ கேட்டுவிட்டேன். படம் வரைகிற டீச்சர் ஒருவர் என்று ஆரம்பித்ததுமே அவருக்குத் தெரிந்தது. கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு, போட்டோ ஸ்டுடியோவுக்கு வேலை செய்கிறார், கலர் வாங்க இங்கேதான் வருவார் என்றார். இறந்துபோனவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கி, அதற்கு வண்ணம் போட்டு மாட்டிக்கொள்கிறார்களே, அந்த வேலை. நான் போனபோது ஒரு கிழவருடைய தலைப்பாகைக்கு ரோஸ் நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். “வாங்க தம்பி, உட்காருங்க” என்றார். அம்மா தவறிப் பல வருடமாயிற்றாம். நான் உட்காரவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்.

“டீச்சர், அன்னிக்கு நீங்க என்கிட்டச் சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நான்தான் பொய் சொல்லீட்டனுங்க.”

அவர் தூரிகையை நிறுத்தவில்லை. அந்த மடிப்பை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சதை என்கிட்டயே சொல்றதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?”

நான் மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“எங்க சாமியார்கிட்டப் போய்ப் பாவம் சொன்னாலும், எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டு வாம்பாரு. தெரியாதவங்க உங்க ஊர்லதான் இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க.” கோபமாகச் சொல்லவில்லை. எங்கே இறங்கி எந்தப் பஸ் மாற வேண்டும் என்று வழி சொல்வதுபோலச் சொன்னார். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார்.

முதலாளியிடம் போக எனக்கு ஒரு வருடம் ஆனது. வாசல் வரை போய்த் திரும்பியது எத்தனை தடவை என்று நினைவில்லை. போன வாரம் உள்ளே போய்விட்டேன். முதலாளி இப்போது வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டார். பவர்லூம் சத்தத்தில் காதும் மந்தம். எனவே நான் வாழ்நாளில் பேசாத அளவுக்கு உரக்கப் பேச வேண்டியிருந்தது. முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார், “எந்த டீச்சரு?”

நான் குடையைச் சொன்னேன், சேலத்தைச் சொன்னேன், தாளைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். “படம் எழுத ஒரு பொம்பளையா? நம்ம ஊட்டுலயா? இருந்திருப்பாங்க, இருந்திருப்பாங்க.” பிறகு முகம் மலர்ந்தது. “அந்தப் பச்சையா! அது நம்ம ராசியாச்சேப்பா. அப்ப நல்லதுதானே நடந்திருக்குது. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வந்தே?”

“அவுங்க பொய் சொல்லலீங்க.”

“சரி சரி. பொய்யோ நெசமோ, அது எந்தக் காலத்துலயோ.” உள்ளே பார்த்து, “சாயக்காரருக்கு ஒரு காப்பி கொண்டாங்க சாமி” என்றார்.

ஒரு ஆளுடைய பிழைப்பையும் பெயரையும் எடுத்தவருக்கு அந்த ஆளே நினைவில்லை. எடுத்துக் கொடுத்த எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஆனால் மினுக்கு டீச்சர் என்று சிரித்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். தாளில் இரண்டு நிறம் இருந்தது. டீச்சர் முந்தின நாள் மாலையே என் தொட்டிக் கரையில் நின்று அதை என்னிடம் சொன்னார். என் காதில் நன்றாக விழுந்தது. சரிங்க டீச்சர் என்று நான் பதில் சொன்னேன்.

குமாரபாளையம், 1988 ஆவணி, இரண்டாவது ஞாயிறு.